கதவருகே ஒரு நோட்டுப் புத்தகம்

பழந்தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

உங்களில் யாரையும் எனக்கு முகம் தெரியாது. விரல்களைத் தெரியும். பழைய தாள் சுருண்டுகொள்ளாமல் ஓரத்தில் அழுத்திப் பிடித்தபோது ஸ்கேனில் சேர்ந்து விழுந்துவிட்ட விரல் நுனிகள். ஒன்றில் மருதாணி இருந்தது. இன்னொன்றில் ஆட்காட்டி விரல் நகத்தில் தேர்தல் மை கூடத் தெரிந்தது. வாக்களித்துவிட்டு வந்து உட்கார்ந்து நூறு வருடத்துப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறார் யாரோ ஒருவர். அந்த விரலைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டவன் நான்.

கிளை நூலகம் ஒன்றில் மூன்றாம் நிலை நூலகராகச் சேர்ந்து, 29 ஆண்டுகள் தூசி தட்டி, ஓய்வு பெற்றேன். இப்போது நீங்கள் ஏற்றும் நூல்கள் சிலவற்றுக்கு வீட்டிலிருந்தபடி மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். ஆகவே என்னை வெளியாள் என்று நீங்கள் தள்ளிவிட முடியாது. உள்ளாள் என்று நானும் உரிமை கொண்டாட மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கோப்புகளைப் பதிவு செய்தவர்கள் மட்டுமே இறக்கிக்கொள்ளலாம் என்று உங்களில் சிலர் ஏற்கெனவே பூட்டுப் போட்டுவிட்டீர்கள். வேறு சிலர் குழுக் கூட்டத்தில் அதைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். பூட்டியவர்கள் திறக்க வேண்டும், யோசிக்கிறவர்கள் அந்த யோசனையை விட வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சென்ற ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் பேத்தி நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். "சின்னத் தாத்தா, பழைய மாட்டு வாகடம் ஏதாவது இருக்கா? ஒரு கட்டுரைக்கு வேணும்" என்று போன் செய்தாள். தேடினேன், ஒரு தளத்தில் இருந்தது. எந்தத் தளம் என்று சொல்லப் போவதில்லை. அட்டை தெரிந்தது, பக்க எண்ணிக்கை தெரிந்தது, பதிவிறக்கப் பொத்தான் மட்டும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. பதிவு செய் என்றது. செய்தேன். பெயர், பிறந்த தேதி, பாலினம், தொழில், கல்வித் தகுதி, கைபேசி எண், மின்னஞ்சல். கடைசியாக, நூலைப் பயன்படுத்தும் நோக்கம் என்று ஒரு கட்டம். அதில் 'மாடு' என்று எழுதினேன். குறைந்தது ஐம்பது எழுத்தாவது வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. மாட்டைப் பற்றி ஐம்பது எழுத்து எழுதினேன். ஓடிபி வந்தது, அதன் ஆயுள் முடிந்து பத்து நிமிடம் கழித்து. மறுபடி கேட்டு, மறுபடி வாங்கி, உள்ளே போனால், உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, மூன்று வேலை நாட்களில் ஒப்புதல் வரும் என்றது.

பத்து நாளாகியும் வரவில்லை. பதினொன்றாம் நாள் பேத்தியே ஏதோ டெலிகிராம் குழுவில் அதே நூலைப் பிடித்து எனக்கும் அனுப்பி வைத்தாள். அதே ஸ்கேன்தான். 37 ஆம் பக்கத்தில் அதே தண்ணீர்க் கறை. ஆனால் முதல் நான்கு பக்கங்களைக் காணோம். தலைப்புப் பக்கம், அச்சகத்தின் பெயர், ஆண்டு, விலை, உங்கள் திட்டத்தின் முத்திரை எல்லாம் போய், அந்த இடத்தில் குழுவின் விளம்பரம் உட்கார்ந்திருந்தது. எந்த ஆண்டு, எந்த ஊர்ப் பதிப்பு என்று தன் கட்டுரையில் அவளால் குறிப்பிட முடியவில்லை. 'பழைய நூல் ஒன்று' என்று எழுதினாளாம்.

பூட்டினால் நூல் வெளியே போகாமல் இருந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர் பதிவு செய்து இறக்குகிறார். அவரிடமிருந்து அது ஆயிரம் பேருக்குப் போகிறது. போகிற வழியில் பெயரை இழக்கிறது, ஆண்டை இழக்கிறது, நீங்கள் பிறகு செய்த திருத்தங்களை இழக்கிறது. நான் மூன்று மாதம் மெய்ப்புப் பார்த்துத் திருத்திய கோப்பு உங்கள் தளத்தில் பூட்டிக் கிடக்கிறது. பழைய பிழைக் கோப்பு வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றுகிறது. எனக்கு வயிறு எரியாதா?

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். இது நான் வேலையில் இருந்தபோது நடந்தது.

எங்கள் நூலக வாசலில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு நீள நோட்டு. வருகைப் பதிவேடு. உள்ளே வருகிறவர்கள் பெயர், நேரம், கையெழுத்துப் போட வேண்டும். மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே! பள்ளிக்கூடப் பையன்கள் தினமும் ரஜினிகாந்த், பாரதியார், ஜவாஹர்லால் நேரு என்று போட்டுவிட்டுப் போவார்கள். நான் கண்டுகொண்டதில்லை. தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும்.

ஒரு பெரியவர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே விரித்துப் போட்டிருக்கும் தினசரியை எட்டி எட்டிப் பார்ப்பார். வெயிலிலும் அங்கேயே நிற்பார். "உள்ளே வாங்கய்யா" என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். பல மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், எழுத வராது. சினிமா போஸ்டர் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்டவர். வாசலில் பத்துப் பேர் பார்க்கக் கைநாட்டு வைக்க அவருக்கு வெட்கம். மறுநாள் அந்த மேசையைக் கதவுக்குப் பின்னால் தள்ளிப் போட்டேன். பெரியவர் உள்ளே வந்தார். வருகைக் கணக்கை நானே ஒரு கோடு போட்டு எழுதிக்கொண்டேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி கேட்டபோது, "தலைக்கு ஒரு கோடு சார்" என்றேன். அவரும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

நோட்டு யாரையும் தடுக்கவில்லை என்றுதான் பல மாதம் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போகிறவர் வந்து சொல்லிவிட்டுப் போவதில்லையே. "பதிவு இலவசம்தானே, இரண்டு நிமிட வேலைதானே" என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு அந்த ஜன்னல்தான் நினைவுக்கு வருகிறது. பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை உங்களிடம் இருக்கும். அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கை எங்கே இருக்கிறது? இந்திய எண்ணுக்கு மட்டுமே ஓடிபி போகும் தளத்தில், ஈப்போவிலும் டர்பனிலும் இருக்கிற தமிழ்க் குடும்பம் வாசலோடு நிற்கிறது. மின்னஞ்சல் முகவரியைக் கைபேசிக் கடைப் பையன் உருவாக்கிக் கொடுத்து, அதன் கடவுச்சொல்லும் அவனுக்கே தெரிந்திருக்கிற முதிய புலவர்கள் எனக்குத் தெரிந்தே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். உங்கள் நூல்களை எழுத்தெண்ணிப் படிக்கக் கூடியவர்கள் அவர்கள்தான்.

"நூலகத்திலும் உறுப்பினர் அட்டை உண்டே, ஐயா?" என்று மடக்குவீர்கள். உண்டு. நானே ஆயிரக்கணக்கில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வைப்புத் தொகை, சந்தா, முகவரிச் சான்று எல்லாம் வாங்கியிருக்கிறேன். ஆனால் எதற்காக? புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவதற்காக. அவர் எடுத்துப் போனால் அலமாரியில் அந்த இடம் காலி. அடுத்தவருக்குக் கிடைக்காது. திரும்பி வராவிட்டால் தேடிப் போக ஒரு முகவரி வேண்டும். உள்ளே உட்கார்ந்து வாசிக்கிறவரிடம் நாங்கள் அட்டை கேட்டதே இல்லை. நாள் முழுக்க வாசிக்கலாம், பக்கம் பக்கமாகக் குறிப்பெடுக்கலாம்.

உங்கள் கோப்பை ஒருவர் இறக்கிக்கொண்டால் உங்கள் அலமாரியில் எந்த இடம் காலியாகிறது? பத்தாயிரம் பேர் இறக்கிய பிறகும் அது அங்கேயேதான் இருக்கிறது. அவர் திருப்பித் தர வேண்டியதும் இல்லை, நீங்கள் தேடிப் போக வேண்டியதும் இல்லை. இரவல் தருகிறவனுக்கு வேண்டிய பாதுகாப்பைத் தானம் தருகிற நீங்கள் கேட்கிறீர்கள். என் வாதம் முழுவதும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் விவரம்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். கணக்கு வாத்தியார். நூலகத் தொழில் தெரியாமல் வந்து, உலகத்துக்கே நூலகத் தொழிலைச் சொல்லிக் கொடுத்தவர். 1931 இல் வந்த அவருடைய ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. கேட்கும்போது இதைச் சொல்ல ஒரு விதி வேண்டுமா என்று தோன்றும். ஆனால் ஐரோப்பிய நூலகங்களில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் கட்டிவைத்திருந்ததை அவர் அந்த விதியை விளக்கும்போது எடுத்துச் சொல்கிறார். கட்டியவர்கள் கெட்டவர்கள் அல்லர். புத்தகத்தை நேசித்தவர்கள்தான், பாதுகாக்க நினைத்தவர்கள்தான். நம் ஊரில் வாசகர் தாமே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவரவும் ரங்கநாதன் பாடுபட வேண்டியிருந்தது. திருடு போகும் என்றார்கள். கொஞ்சம் போகத்தான் செய்தது. அதற்காக யாரும் திரும்ப அலமாரியைப் பூட்டிவிடவில்லை.

இனி உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். அது இல்லாமல் இல்லை.

முதல் தொல்லை பாட்கள். செயற்கை நுண்ணறிவுக்குத் தீனி தேடி இரவு பகலாகத் தளத்துக்கு வந்து கோப்புகளை அள்ளிச் செல்லும் நிரல்கள். இது கற்பனையான பயம் இல்லை. 2024 ஜனவரிக்குப் பிறகு தங்கள் படங்களையும் காணொளிகளையும் இறக்குவதற்கான அலைவரிசைப் பயன்பாடு 50 விழுக்காடு கூடிவிட்டது என்றும், அந்தக் கூடுதலுக்குக் காரணம் பெரும்பாலும் மனிதர்கள் அல்லர் என்றும் விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் சொன்னது. அவ்வளவு பெரிய அமைப்பே திணறும்போது, நாலு பேர் கைக்காசு போட்டு நடத்தும் உங்கள் சர்வர் என்ன ஆகும்? 200 பக்கப் புத்தகம் ஒன்றைத் தெளிவாக ஸ்கேன் செய்தால் ஐம்பது மெகாபைட்டைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. மாதக் கடைசியில் சர்வர் பில் வரும்போது உங்கள் பொருளாளரின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் நூலகத்துக்கு மின்கட்டணம் வரும்போது என் முகமும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் பாரம் குறைய வேண்டும் என்றால் பாரத்தைத்தான் குறைக்க வேண்டும். பெயரைக் கேட்டால் பாரம் குறையுமா? பாட் எழுதுகிறவனுக்குப் படிவம் நிரப்பத் தெரியாதா? பொய் மின்னஞ்சல் நூறு உருவாக்கிக்கொள்வான். எழுத வராத அந்தப் பெரியவரைப் போன்றவர்களைத்தான் படிவம் தடுக்கும். 2003 இலேயே பக்மீநாட் என்று ஒரு தளம் வந்தது. பதிவு செய்தால்தான் வாசிக்க முடியும் என்ற செய்தித்தளங்களுக்கெல்லாம் பொதுவான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அங்கே பட்டியலாகக் கிடைத்தன. எங்கள் பையன்கள் ரஜினிகாந்த் என்று கையெழுத்துப் போட்டதன் கணினி வடிவம்.

இதே தொல்லையை முப்பது ஆண்டுக்கும் மேலாகச் சமாளித்துவருகிற ஒரு முன்மாதிரி இருக்கிறது. இயற்பியல், கணிதக் கட்டுரைகளுக்கான ஆர்க்சைவ் தளம் 1991 இல் தொடங்கியது. அங்கே கட்டுரை ஏற்றுகிறவர் பதிவு செய்தாக வேண்டும். புதியவர் என்றால் துறையில் இருக்கும் இன்னொருவர் அவருக்குப் பரிந்துரை தர வேண்டும். இறக்குகிறவரிடம் யார் நீ என்று கேட்பதில்லை. ஒட்டுமொத்தமாக எல்லாவற்றையும் வேண்டுகிறவருக்குத் தனி வழி. அமேசானின் சேமிப்பகத்தில் முழுத் தொகுப்பும் இருக்கிறது. எடுக்கிறவரே அதற்கான போக்குவரத்துச் செலவைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். வண்டி கட்டிக்கொண்டு அள்ள வருகிறவன் வண்டிச் சத்தத்தைத் தானே கொடுத்துக்கொள்ளட்டும். ஒரு புத்தகம் கேட்டு நடந்து வருகிறவளை ஏன் நிறுத்த வேண்டும்?

மென்பொருள் வேலையில் இருக்கும் என் மருமகனிடம் கேட்டேன். ஒரே முகவரியிலிருந்து நிமிடத்துக்கு இத்தனை கோப்புக்கு மேல் தராதே என்று சர்வருக்குச் சொல்லிவைக்கலாமாம். அதிலும் ஒரு சிக்கல் சொன்னார். கைபேசி இணையத்தில் பல நூறு பேர் வெளியே ஒரே முகவரியாகத் தெரிவார்களாம். ஆகவே அளவைத் தாராளமாக வைக்க வேண்டும். அனுபிஸ் என்று 2025 தொடக்கத்தில் ஒரு நிரல் வந்திருக்கிறது. வருகிற உலாவிக்கு ஒரு சிறு கணக்கைக் கொடுத்து, போட்டு முடித்தால்தான் உள்ளே விடும். ஒரு மனிதருக்கு ஓரிரு விநாடி தாமதம், லட்சம் பக்கம் அள்ள வரும் பாட் நிரலுக்கோ பெருஞ்செலவு. பழைய கைபேசிகள் அந்தக் கணக்கில் கொஞ்சம் மூச்சுவாங்கும் என்பதையும் அவரே சொன்னார். இருக்கட்டும். மூச்சுவாங்கினாலும் உள்ளே வந்துவிடலாம், பெயர் சொல்ல வேண்டாம். இவற்றுக்கெல்லாம் முன்னால், கைபேசியில் வாசிக்கிறவருக்கென்று கருப்பு வெள்ளையில் சுருக்கிய சிறிய கோப்பு ஒன்றைப் பக்கத்திலேயே வையுங்கள். பெரும்பாலோருக்கு அதுவே போதும், உங்கள் பில்லும் இறங்கும்.

அடுத்து என் பக்கத்திலிருந்து, கேட்டு வாங்கிய பெயர்களை எங்கே வைப்பீர்கள் என்ற கேள்வி. இதில்தான் எனக்குக் கவலை அதிகம்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் உலகின் மிகப் பெரிய இலவச மின்னூலகங்களில் ஒன்று. 2024 அக்டோபரில் அதன் பயனர் பட்டியல் களவு போனது வெளியே வந்தது. 3 கோடியே 10 லட்சம் கணக்குகளின் மின்னஞ்சல்களும் குறியாக்கம் செய்த கடவுச்சொற்களும் போயின. முழுநேர வல்லுநர்களை வைத்திருப்பவர்கள் கதை அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்ந்து சர்வரைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் தன்னார்வலர் என்ன செய்வார்? பெயரே இல்லாத இடத்தில் திருட என்ன இருக்கிறது?

சட்டமும் வந்துவிட்டது. இந்தியாவின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் நிறைவேறியது. 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் விவரத்தை வாங்க, பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும் என்கிறது அது. பத்தாம் வகுப்புப் பிள்ளை கட்டுரைப் போட்டிக்குப் பழைய நூல் ஒன்றை இறக்க வந்தால், அவள் அப்பாவின் சம்மதத்தை எப்படிச் சரிபார்ப்பீர்கள்? வாங்கிய விவரத்துக்குத் தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் தண்டம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். உங்கள் மேல் அவ்வளவு போடமாட்டார்கள்தான். ஆனாலும் சும்மா கிடந்த சங்கை ஊதுவானேன்?

இலங்கைப் பக்கத்திலிருந்து இதைப் பார்த்தால் இன்னும் கனமாக இருக்கிறது. எந்தப் புத்தகம், எந்தப் பத்திரிகை வீட்டில் இருந்தது என்பதே ஆபத்தாக இருந்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் அங்கே உண்டு. சோதனை வருகிறது என்றதும் தாள்களைக் கிணற்றடியில் புதைத்தவர்கள், அடுப்பில் போட்டவர்கள் கதைகளை யாழ்ப்பாண நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வாசகரிடம், உன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவிட்டு இந்த இயக்கத்துத் துண்டுப்பிரசுரத்தை எடுத்துக்கொள் என்று ஒரு மின்னூலகம் சொன்னால் அவர் எடுப்பாரா? யார் எதை வாசித்தார் என்ற பட்டியல் உங்களிடம் இருந்தால், அதை ஒருநாள் யாராவது அதிகாரத்தோடு வந்து கேட்பார்கள். இல்லாத பட்டியலை யாரும் பிடுங்க முடியாது.

யாழ்ப்பாணம் என்றதும் 1981 நினைவுக்கு வராமல் போகாது. மே 31 இரவு தொடங்கிய தீயில் பொது நூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அங்கே எரிந்தவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. திரும்பி வராமலே போனவை அவைதான். 2005 இல் நூலகம் திட்டம் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னாக்கிப் பொதுவில் வைத்தபோது, பல பேருடைய கணினிகளில் பிரதிகள் இருக்கின்றன என்பதே ஒரு பெரிய பாதுகாப்பாயிற்று. பதிவிறக்கத்தை நீங்கள் செலவுக் கணக்கில் எழுதுகிறீர்கள். நான் அதைக் காப்பீட்டுக் கணக்கில் எழுதுவேன்.

தீயே வேண்டியதில்லை. இந்திய மின்னூலகம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தை மையமாக வைத்து ஒரு பெருந்திட்டம் நடந்தது. லட்சக்கணக்கான நூல்கள், தமிழ் நூல்களும் ஏராளம். ஒருகட்டத்தில் அந்தத் தளம் இயங்காமல் போனது. இன்றும் அந்த நூல்களில் பெரும்பகுதியை நீங்களும் நானும் இன்டர்நெட் ஆர்க்கைவில் வாசிக்கிறோம் என்றால், தளம் உயிரோடு இருந்தபோது ஆர்வலர்கள் மொத்தமாக இறக்கிப் பிரதியெடுத்து வைத்ததுதான் காரணம். அன்றைக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு நூல்தான், அதுவும் பதிவு செய்தால்தான் என்று இருந்திருந்தால் இன்று என்ன மிஞ்சியிருக்கும்?

நம்மிடையே வழிகாட்டி இல்லாமலும் இல்லை. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, 1998 பொங்கலன்று, தமிழ் நூல்களை மின்னாக்கும் மதுரைத் திட்டம் தொடங்கியது. முதல் நூல் திருக்குறள். ஒருங்குறி பரவாத காலம். எழுத்துரு இல்லாதவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். அந்தக் காலத்திலேயே அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரு முகப்பு வைத்தார்கள். யார் தட்டச்சு செய்தது, யார் மெய்ப்புப் பார்த்தது என்று பெயர்கள். கூடவே, இந்த முகப்பை நீக்காமல் யாரும் யாருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம் என்று ஓர் அனுமதி. எடுக்கிறவரின் பெயரை அவர்கள் கேட்கவில்லை. கொடுத்தவர்களின் பெயரைத் தாங்கிக் கோப்பு ஊர் ஊராகப் போனது. வாசலில் இருக்க வேண்டிய காவல்காரனைக் கோப்புக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். என் பேத்திக்கு வந்த மாட்டு வாகடத்தில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நூற்பெயரும் ஆண்டும் உங்கள் திட்டத்தின் பெயரும் சிறு எழுத்தில் பதிந்திருந்தால், முதல் நான்கு பக்கத்தைக் கிழித்தவன் என்ன செய்திருக்க முடியும்?

அரசும் ஒருமுறை கதவை அகலத் திறந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையான நூல்களின் ஸ்கேன்களைத் தந்து, அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை விக்கிமூலத்துக்குப் போயின. அவற்றை யாரென்றே தெரியாதவர்கள் வந்து வரி வரியாக மெய்ப்புப் பார்க்கிறார்கள். பூட்டிய கோப்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பாரதியின் படைப்புரிமையை அரசு 1949 இல் வாங்கியது மக்கள் பணத்தில். அப்படிப்பட்ட நூலைத் தருவதற்கு மக்களிடமே அடையாளம் கேட்பது எனக்கு எப்போதும் கூச்சமாக இருக்கிறது.

"அமெரிக்காவில் ஹாத்திடிரஸ்ட் மின்னூலகம் லாகின் கேட்கிறதே" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஆம், அங்கே பல பழைய நூல்களைப் பக்கம் பக்கமாக யாரும் வாசிக்கலாம், முழு நூலையும் ஒரே கோப்பாக இறக்க உறுப்பு நிறுவனத்தின் லாகின் வேண்டும். அவற்றை ஸ்கேன் செய்தது கூகுள், கட்டுப்பாடு அந்த ஒப்பந்தத்தில் வந்தது. உங்களுக்கு அப்படி யாரோடு ஒப்பந்தம்?

நன்கொடையாளர் எண்ணிக்கை கேட்கிறார் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எத்தனை முறை எந்த நூல் இறங்கியது, எந்த நாட்டிலிருந்து என்பதெல்லாம் சர்வர் பதிவிலேயே பெயர் இல்லாமல் கிடைக்கும். தலைக்கு ஒரு கோடு. எங்கள் நூலகத்தில் ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலராகச் சேர்ந்தவர்களின் பெயர்கள் ஒரு பலகையில் இருக்கும். அவர்கள் ஆசைப்பட்டுக் கொடுத்த பெயர்கள் அவை. நீங்களும் அப்படி ஒரு பலகை வையுங்கள். இறக்கி முடித்ததும், 'விரும்பினால் உங்கள் பெயரையும் நூறு ரூபாயையும் விட்டுச் செல்லுங்கள்' என்று கேளுங்கள். வாசலில் கேட்டால் எரிச்சல், வெளியேறும்போது கேட்டால் நன்றி. கோயில் உண்டியல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

பூட்டே கூடாது என்கிற பிடிவாதக்காரன் இல்லை நான். உயிரோடு இருக்கும் எழுத்தாளர் இரவலாக மட்டும் தர அனுமதித்த நூல் என்றால் பதிவு கேளுங்கள். அது உண்மையிலேயே இரவல். ஒருவருடைய சொந்தக் கடிதங்கள், காணாமல் போனவர்களின் புகைப்படங்கள், சாட்சியங்கள் போன்றவற்றைக் கொடுத்த குடும்பம் என்ன சொன்னதோ அதன்படி நடந்துகொள்ளுங்கள். அங்கே கூட்டத்தைவிடக் குடும்பம் பெரிது. ஏற்றுகிறவர்களுக்கும் திருத்துகிறவர்களுக்கும் கட்டாயம் பதிவு வேண்டும். யார் கைபட்டது என்று தெரியாமல் பாடம் மாறக் கூடாது. மெய்ப்புப் பார்க்கிற நானும் என் பெயரையும் முகவரியையும் மகிழ்ச்சியோடு கொடுத்திருக்கிறேன். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்து உரிமைக்காலம் முடிந்த நூலுக்கு, நாட்டுடைமையான நூலுக்கு, மாட்டு வாகடத்துக்கு, இதெல்லாம் எதற்கு?

தமிழ்நாட்டில் வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரும் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்த்துக் கட்டுகிறார். 1948 இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் தொடர்ச்சி அது. நூலகத்துக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காதவரும் அதைக் கட்டுகிறார். அந்தப் பத்துக் காசில்தான் 29 ஆண்டு என் வீட்டில் சோறு வெந்தது. உங்களுக்கு அப்படி ஒரு வரி கிடையாது, கைக்காசுதான் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் எங்காவது என் குரல் உயர்ந்திருந்தால் அதை நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். சர்வர் செலவுக்கு மாதம் 500 ரூபாய் அனுப்ப நான் தயார். என்னைப் போல ஓய்வூதியக்காரர்கள் இன்னும் ஏழெட்டுப் பேரைச் சேர்த்தும் தருகிறேன். வரும் கூட்டத்தில் அந்தப் பொத்தானுக்கு உயிர் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. பூட்டு விழுவதற்கு முன்பு உங்கள் தளங்களிலிருந்து நான் இறக்கிவைத்த கோப்புகள், முகப்புப் பக்கங்கள் கிழியாமல், 1,140 நூல்கள், என் வீட்டு பீரோவில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கின்றன. உங்கள் சர்வருக்கு என்றாவது ஏதாவது ஆனால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். யார் வந்தாலும் தருவேன், பெயர் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு கிளை நூலகர்